பட்டியலில் பெயர், கூடவே விலக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பாகிஸ்தானில் மதச் சிறுபான்மையினர் படும் துன்பம் குறித்தும், அங்கு தலைதூக்கி நிற்கும் தீவிரவாதம் குறித்தும் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் அந்த நேச நாட்டு அரசிடம் விளக்கம் கோரும் செய்திகளைத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வாசிக்கிறேன். இது உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுவதாகும் என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் சர்வதேச மதச் சுதந்திரச் சட்டத்திலேயே, தடைகளிலிருந்து விலக்கு என்ற பெயரில், அந்தக் கேள்வியைச் செல்லாக்காசாக்கும் வழியும் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

நீர்கொழும்பில் வசிக்கும் எனக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2019 வரை எங்கள் ஒழுங்கையில் தம்மை முஸ்லிம்களாகக் கருதும் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்த, பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்துவிட்டு, வேலை செய்யவும் அனுமதியின்றி, மூன்றாவது நாடொன்றின் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். அந்த வீட்டுத் தலைவர் ஒரு மாலை எங்கள் விறாந்தையில் தேநீர் குடித்தபடி, தம் நாட்டில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முறையை விளக்கினார். தன்னை முஸ்லிம் என்று குறிப்பிடுகிறவர், அஹ்மதியா இயக்கத்தைத் தோற்றுவித்த மிர்சா குலாம் அஹ்மத் ஒரு போலி நபி என்று ஏற்கும் உறுதிமொழியில் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட வேண்டிய இடத்தை அவர் மேசை மீது விரலால் ஒரு கோடாக இழுத்துக் காட்டினார். பிறகு அந்தக் கோட்டை உள்ளங்கையால் அழித்தார்.

அஹ்மதியாக்கள் முஸ்லிம்கள் அல்லர் என்று 1974இல் பாகிஸ்தானின் அரசியலமைப்பே திருத்தி எழுதப்பட்டது. 1984இல் அந்நாட்டின் இராணுவ ஆட்சியாளர் ஜெனரல் ஸியா உல் ஹக் பிறப்பித்த கட்டளைச் சட்டம், அவர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்வதையும், தம் வழிபாட்டிடத்தைப் பள்ளிவாசல் என்று அழைப்பதையும், பாங்கு சொல்வதையும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களாக்கியது. 1979இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற அப்துஸ் ஸலாம் ரப்வா நகரில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 'முதலாவது முஸ்லிம் நோபல் பரிசாளர்' என்றிருந்த அவரது கல்லறை வாசகத்தில் 'முஸ்லிம்' என்ற சொல் மட்டும் பூசி மறைக்கப்பட்டது. இறந்தவரைக்கூட விட்டுவைக்காத சட்டம் உயிரோடிருப்பவரை எப்படி விட்டுவைக்கும்?

2019 ஏப்ரல் 21ஆம் திகதி எங்கள் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் குண்டுவெடிப்பில் பலியானார்கள். அடுத்த சில நாட்களில், நெருக்குதலுக்கு அஞ்சிய வீட்டுச் சொந்தக்காரர்கள் பாகிஸ்தானிய அகதிகளை வெளியேறச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கானோர் அஹ்மதியாப் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்து வாகனத் தரிப்பிடத்திலும் குழந்தைகளோடு படுத்துறங்கினார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். தீவிரவாதிகளுக்குத் தப்பி வந்தவர்களையே நாம் தீவிரவாதிகளாகப் பார்த்தோம். எங்கள் ஒழுங்கையில் இருந்த அந்தக் குடும்பத்துக்காக அன்று நானும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இனி அமெரிக்க சட்டவாக்க உறுப்பினர்களின் பக்கம் வருகிறேன். பாகிஸ்தானின் மத நிந்தனைச் சட்டத்தில் மிகக் கடுமையான பிரிவுகள் 1982க்கும் 1986க்கும் இடையில் சேர்க்கப்பட்டவை. நபிகளாரை நிந்தித்தால் மரண தண்டனை அல்லது ஆயுட்கால சிறை என்று சொல்லும் 295-சி பிரிவு 1986இல் வந்தது. அதே ஆண்டுகளில், ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகளுக்கு எதிரான போரின் பொருட்டு, ஸியாவின் அரசுக்கு அமெரிக்கா 320 கோடி டொலர் உதவித் திட்டமொன்றை நடத்திக்கொண்டிருந்தது. காங்கிரஸ் அப்போது உறங்கிக் கிடக்கவில்லை. பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று ஜனாதிபதி ஆண்டுதோறும் சான்றளித்தால்தான் உதவி கிடைக்கும் என்ற பிரஸ்லர் திருத்தத்தை 1985இல் நிறைவேற்றியது அந்த காங்கிரஸ்தான். சோவியத் படைகள் வெளியேறிய பின்னர், 1990 ஒக்டோபரில், அந்தச் சான்றிதழ் மறுக்கப்பட்டு உதவி நின்றது. அதே ஒக்டோபர் மாத இறுதியில் பாகிஸ்தானின் கூட்டாட்சி ஷரீஆ நீதிமன்றம், 295-சி பிரிவுக்கு மரண தண்டனை ஒன்றே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. குண்டைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

சர்வதேச மதச் சுதந்திரச் சட்டத்தை அவர்கள் 1998இல் இயற்றினார்கள். அதன் கீழ் அமைந்த ஆணைக்குழு, மதச் சுதந்திரத்தை மிக மோசமாக மீறுவதால் தடைகளுக்கு உள்ளாகும் 'குறிப்பாகக் கவலைக்குரிய நாடுகள்' பட்டியலில் பாகிஸ்தானைச் சேர்க்குமாறு 2002 முதல் பரிந்துரைத்து வந்தது. 2004இல் பாகிஸ்தானுக்குக் கிடைத்ததோ, நேட்டோவைச் சேராத முக்கிய நேச நாடு என்ற தகுதி. பட்டியலில் அதன் பெயர் ஏறியது 2018இல். ஏறிய கையோடு, அமெரிக்காவின் தேசிய நலன் கருதித் தடைகளிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளிலும் அதே அறிவிப்பு, அதே விலக்கு. இது போதாதென்று, 2004இல் பட்டியலிடப்பட்ட சவூதி அரேபியாவுக்கும் 2006 முதல் இவ்வாறே விலக்கு உண்டு. காங்கிரஸ் உறுப்பினர்கள் இஸ்லாமாபாத்துக்கு எழுதும் கடிதங்களில் பாதியையாவது தங்கள் சொந்த இராஜாங்கத் திணைக்களத்துக்கு எழுத வேண்டும் என்பது என் கருத்து.

வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. வயலில் பழம் பறித்தபோது தண்ணீர்க் குவளையைத் தொட்டதில் எழுந்த வாக்குவாதத்தில் மத நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனைக் கைதியான கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபிக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீரை, 2011 ஜனவரியில் அவரது மெய்ப்பாதுகாவலனே சுட்டுக் கொன்றான். நீதிமன்றத்துக்கு வந்த கொலையாளி மீது சட்டத்தரணிகள் ரோஜா இதழ்களைத் தூவினார்கள். இரண்டே மாதங்களில், அமைச்சரவையின் ஒரே கிறிஸ்தவரான ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். உள்ளே இருந்து பேசுகிறவரை அந்நியரின் கையாள் என்று முத்திரை குத்துவது அங்கு எளிது. எனவே வெளியிலிருந்து கேட்பவர்கள் பொதுப்படையான கண்டனத்தை விட்டு, குறிப்பிட்ட கைதியையும் குறிப்பிட்ட வழக்கையும் பற்றிக் கேட்பதே நல்லது.

ஐரோப்பியப் பாராளுமன்றம் 2021 ஏப்ரலில் அப்படித்தான் கேட்டது. ஆங்கிலத்தில் நிந்தனைக் குறுஞ்செய்தி அனுப்பியதாக 2014இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீடு மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்ட ஒரு கிறிஸ்தவத் தம்பதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் பொருட்களுக்குப் பாகிஸ்தான் பெறும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை மீளாய்வு செய்யுமாறு 681 வாக்குகளால் தீர்மானித்தது. எதிர்த்தவர்கள் மூவர். ஜூன் முதல் வாரத்தில் லாகூர் உயர் நீதிமன்றம் அத்தம்பதியை விடுவித்தது. ஒன்றினால்தான் மற்றது நடந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் ஏழாண்டுகள் அசையாத வழக்கு அப்போது அசைந்தது.

இந்தச் சலுகை என்னவென்று நமக்குத் தெரியும். 2010இல் இலங்கை அதை இழந்தபோது நான் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். சம்பளப் பட்டியலில் முதலில் மெலிந்தது தையல் இயந்திரப் பிள்ளைகளின் மேலதிக நேரக் கொடுப்பனவுதான். முடிவெடுத்த எவருடைய சம்பளமும் குறையவில்லை. பாகிஸ்தானின் பைசலாபாத் நெசவாலைத் தொழிலாளிக்கும் அந்த நிலை வரக்கூடாது. அதேவேளை, 2021 ஜூனில் அதே பாராளுமன்றம் நமது பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றிக் கேட்ட பிறகுதான், 2022இல் அதன் தடுப்புக்காவல் காலம் 18 மாதங்களிலிருந்து 12 ஆகக் குறைந்தது. போதாத திருத்தம்தான், ஆனாலும் உள்ளே இருப்பவருக்கு ஆறு மாதம் என்பது ஆறு மாதம்.

பாகிஸ்தானின் சியால்கோட் நகரத் தொழிற்சாலையில் முகாமையாளராக இருந்த நம் நாட்டவர் பிரியந்த குமார, 2021 டிசம்பரில் மத நிந்தனை செய்தார் என்ற பழியின் பேரில் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். அதன் பின்னும், 2023 ஆகஸ்டில் ஜரன்வாலாவில் தேவாலயங்கள் கொளுத்தப்பட்டன. எனவே கேட்பது நிற்கக் கூடாது. கேட்கும் நாடுகள், நீர்கொழும்பில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்களைப் போன்ற அகதிகளுக்குத் தம் கதவையும் திறக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாஷிங்டனின் பட்டியல் பற்றிய செய்தியை அடுத்த முறை வெளியிடும்போது, எந்தெந்த நாட்டுக்கு விலக்கு அளிக்கப்பட்டது என்ற வரியைக் கடைசிப் பந்தியில் விடாமல், தலைப்புக்கு அடுத்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
நீர்கொழும்பு.