துப்பிரு தாயி

பாப்பாவுக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. போன் எடுக்க நேரமில்லாதவளுக்குக் கடுதாசி படிக்க நேரம் இருக்குமோ என்னவோ.

தம்பி நிச்சயத்துக்கு வந்தப்ப நீ விட்டுட்டுப் போன ஒயின் நோட்டைப் படிச்சேன், தப்பா நினைக்காத. கறுப்புத் திராட்சையப் பிழிஞ்சாலும் சாறு வெளுப்புத்தானாம். தோலோட ஊறி நொதிச்சாத்தான் சிவப்பு ஒயின், சாறு மட்டும் நொதிச்சா வெள்ளை, கொஞ்ச நேரம் மட்டும் தோலோட விட்டு வடிச்சா ரோஸே. முப்பது வருஷமா மதுரையில கம்பம் பன்னீர் திராட்சை விக்கிறேன். 2023ல அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப கடை கடையா மிட்டாய் குடுத்தவன் நான். எனக்கு இது தோணலையே! நேத்து ஒண்ணப் பிதுக்கிப் பாத்தேன். சரிதான்.

டானின்னா துவர்ப்பு, தோலும் விதையும் குடுக்குறது. நாவப்பழம் தின்னா நாக்கு இழுக்குமே, அப்படின்னு எழுதேன். ‘டிரை’னா காய்ஞ்சதுன்னு நினைச்சேன், இனிப்பெல்லாம் நொதிச்சுத் தீந்ததாம். ‘பாடி’னா வாயில தெரியுற கனமாம், அதுக்குப் பக்கத்துல ‘நீர்மோர், கெட்டித்தயிர்’னு போட்டிருந்த பாரு, சிரிச்சுட்டேன். அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன். ‘பினிஷ்’னா விழுங்குன பிறகும் வாயில நிக்கிற ருசி.

விழுங்குன பிறகும்னு இருக்கு. அங்கதான் எனக்கு இடறுச்சு.

முந்தின பக்கத்துல, வாயில சுழட்டிட்டுத் துப்பிரணும்னு நீயேதான எழுதியிருக்க? பத்து வகை பாத்தா பத்தையும் துப்பலாம்ல. ஆல்கஹால் பன்னெண்டு, பதிமூணு சதவீதம்ங்கிற, பீரை விடக் கூட. வெறும் வயித்தோட போகாத. ராத்திரி ரூமுக்குத் தனியா வராத. துப்பிரு தாயி.

உன் மூக்கு என் மூக்கு. லோடு இறங்கையிலயே எந்த டிரேயில அழுகல்னு நான் சொல்லுவேன். ஏழு வயசுல நீயும் சொன்ன. அந்த மூக்குக்கு ஸ்டார் ஓட்டல்ல சம்பளம் குடுக்குறாங்கன்னு மார்க்கெட்ல ஒருத்தன்கிட்டயும் நான் சொன்னதில்ல.

அன்னைக்கு உங்க பெரியப்பா கேட்டாரு. ‘ஓட்டல்ல கணக்கு பாக்குறா’ன்னேன். நம்ம ஊர்ல ஒயின்னாலே ஒயின்ஷாப்தான, பயந்துட்டேன். சந்தனக் கிண்ணத்தோட நீ பின்னால நின்னதும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் திருத்தலை. ராத்திரி பஸ்ஸுக்கே நீ கிளம்புனப்பக் கூட, ‘சாப்பிட்டியா’ன்னுதான் கேட்டேன்.

நோட்டைக் கூரியர்ல போடச் சொல்லி அம்மாகிட்ட கேட்டியாம். போடல. சித்திரைத் திருவிழாவுக்கு வந்து எடுத்துக்க. அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்குப் பெரியப்பாவும் நம்ம வீட்டுலதான் தங்குறாரு.

அப்பா