ஓவிய சங்கம்: இந்த வருஷத்து ஆண்டறிக்கை

தலைவர் சாருக்கும், வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாரு, நான் நேரா விஷயத்துக்கு வரேன்.

வருஷ ஆரம்பத்துல ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு ஆளே கொறஞ்சு போச்சு, வந்தவங்களும் அதே கோபுரம் அதே மயில்னு வரைஞ்சு சலிச்சிருந்தாங்க, எனக்கும் பல மாசமா பிரஷ்ஷ தொடவே மனசு வரல. அப்பதான் நம்ம மெம்பர், ரிட்டயர்ட் கெமிஸ்ட்ரி டீச்சரம்மா, அன்னா அட்கின்ஸ் எடுத்த நீலப் படங்கள காமிச்சாங்க.

அட்கின்ஸ் இங்கிலாந்துல செடிகொடி ஆராய்ஞ்சவங்க. கடல்பாசி நூல் நூலா அவ்வளவு பொடிசு, கையால அச்சு அசலா வரையறது கஷ்டம்னு, 1842-ல ஜான் ஹெர்ஷல்ங்கற வானியல் விஞ்ஞானி கண்டுபிடிச்ச சயனோடைப் முறைய எடுத்துக்கிட்டாங்க. கேமராவே கிடையாது, பாசிய மருந்து பூசின பேப்பர் மேல வச்சு வெயில்ல காமிச்சா அதோட நெழலே படம். 1843-ல ஆரம்பிச்சு பத்து வருஷம் இதே வேலை, போட்டோ போட்டு வந்த மொத புத்தகம் அதுதான்னு சொல்றாங்க. பாசிய அடையாளம் காட்டத்தான் செஞ்சாங்க, ஆனா அந்த நீலத்துல வெள்ளையா மெதக்கறத பாத்தப்ப எனக்கு பேச்சே வரல.

ஆகஸ்ட்ல மொட்டை மாடில நாமளும் செஞ்சோம். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ரெண்டையும் தண்ணில கரைச்சு, இருட்டு ரூம்ல பேப்பர்ல பூசி காய வச்சு, மேல இலை, அதுக்கு மேல கண்ணாடி. மொத ஞாயிறு மேகம், எல்லாம் வெளுத்துப் போச்சு. அடுத்த ஞாயிறு சுள்ளுனு வெயில், கால் மணி நேரத்துல எடுத்து பச்சத் தண்ணில அலசினோம், வெயில் பட்ட இடத்துல மருந்துல இருக்கற இரும்பு மாற்றம் அடைஞ்சு கருநீலமா நின்னுடுச்சு, இலை மறைச்ச இடத்துல மருந்து கழுவிட்டு போய் வெள்ளை. முருங்கக் கொத்து அப்படியே வந்துச்சு, செம்பருத்தி இதழ்ல வெளிச்சம் ஊடுருவி நரம்பு கூட தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரியே நான் முருங்கைய பென்சில்ல வரைஞ்சேன், இத்தன வருஷம் இலைய மட்டுமே பாத்திருக்கேன், நடுவுல இருக்கற இடைவெளிய பாத்ததே இல்ல.

அதுக்கப்புறம் கோலம் போடற அக்காமாருங்க ஒரு கூட்டம் கேட்டாங்க. தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ்ல இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் 1974-ல கோலத்துல இருந்து கம்ப்யூட்டருக்கான இலக்கணம், அதாவது ஒரு வடிவத்த படிப்படியா உருவாக்கற விதிங்க, எழுதினத பத்தி பேசினோம். நம்ம வாசல்ல இருந்து போனது ஆராய்ச்சி ஆகியிருக்குன்னு தெரிஞ்சதும் ரெண்டு அக்கா புள்ளி வரிசைய மாத்தி மாத்தி புதுசு புதுசா போட ஆரம்பிச்சுட்டாங்க, அந்த நோட்டு இங்க மேஜை மேல இருக்கு, பாத்துட்டு போங்க.

வர்ற வருஷத்துக்கு மைக்ராஸ்கோப் ஒண்ணு இரவல் கேக்கணும்னு செயற்குழுவுல முடிவு பண்ணியிருக்கோம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. மாடி குடுத்த அண்ணனுக்கும் டீச்சரம்மாவுக்கும் ரொம்ப நன்றி. மருந்து இன்னும் பாட்டில்ல மிச்சம் இருக்கு, வர்ற ஞாயிறு வெயில் அடிச்சா ஆளுக்கு ஒரு கண்ணாடித் துண்டு எடுத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
செயலாளர்