எங்கள் தெரு ஏன் உங்கள் மைக்கைக் கண்டால் விலகிப் போகிறது

சென்னையில் இருந்து ஒளிபரப்பாகும் தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், இரவு விவாதங்களை நடத்தும் நெறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. மாநகராட்சிப் பள்ளியில் 36 வருடம் ஆசிரியையாக இருந்து 2024-ல் ஓய்வு பெற்றேன். அந்த வருடங்களில் 11 தேர்தல்களுக்கு வாக்குச்சாவடி வேலைக்குப் போயிருக்கிறேன். எத்தனை ஆயிரம் விரல்களுக்கு மை வைத்தேன் என்ற கணக்கெல்லாம் என்னிடம் இல்லை. ஆனால் ஓட்டுப் போட வருகிறவர்களின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். 2026 சட்டமன்றத் தேர்தல் நெருங்குகிறது. உங்கள் வண்டிகள் எங்கள் பகுதிக்குள் வர ஆரம்பித்துவிட்டன. தேர்தலுக்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா மீன் விற்கிறார். விடியற்காலை 3 மணிக்கே காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் எடுத்து, 7 மணிக்கெல்லாம் பலகையைப் போட்டுவிடுவார். போன வருடம் ஒரு நாள் உங்களில் ஒரு சேனலின் வண்டி வந்து நின்றது. "ஆட்சி எப்படிம்மா இருக்கு?" என்று ஒரு தம்பி மைக்கை நீட்டினார். நான் சங்கரா மீன் வாங்கிவிட்டு, வெட்டித் தருவதற்காகப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அக்கா செதில் எடுத்துக்கொண்டே பேசினார். நாலு நிமிடத்துக்குக் குறையாது.

பஸ்ஸில் காசில்லாமல் போவதால் கையில் ஏதோ மிச்சம் நிற்கிறது என்றார். கூடையோடு ஏறினால் சில கண்டக்டர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்றார். மாதம் ஆயிரம் ரூபாய் வருவதைச் சொன்னார். குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம் அடிப்பதைச் சொன்னார். டாஸ்மாக்கை மூடினால் தன் வீட்டில் பாதிச் சண்டை தீரும் என்றார். சிலிண்டர் விலையைப் பற்றி, "அதை டெல்லிக்காரங்களத்தான் கேக்கணும்" என்றார். கடைசியில், "யாருக்குப் போடறதுன்னு இன்னும் யோசிக்கல தம்பி" என்று சிரித்தார். அத்தனையும் ஒரே பெண்ணின் வாயில் இருந்து வந்தது. எந்தக் கட்சியின் மேடையிலும் அப்படியொரு பேச்சை நான் கேட்டதில்லை.

இரவு டிவியில் வந்தது 11 வினாடி. குழாய்த் தண்ணீர் மட்டும். கீழே சிவப்புப் பட்டையில், ஆட்சிக்கு எதிராக வட சென்னை மீனவப் பெண் கொந்தளிப்பு என்று ஓடியது. அக்கா கொந்தளிக்கவே இல்லை. அவருக்குக் குரலே அப்படித்தான், ஏலத்தில் கத்திப் பழகிய குரல்.

மறுநாள் அவருடைய மகனின் போனுக்கு அந்த வீடியோ பத்து இடத்தில் இருந்து வந்தது. ஒரு கூட்டம், காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாள் என்று எழுதியிருந்தது. இன்னொரு கூட்டம் தங்கள் கட்சிக் கொடியை மூலையில் ஒட்டி வீரத்தமிழச்சி என்று போட்டிருந்தது. லாரித் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஒரு கட்சிக்காரர், "என்னக்கா, மாசம் ஆயிரம் ரூபா வாங்கிக்கிட்டே இப்படிப் பேசிட்டியே" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பணம் நின்றுபோய்விடுமோ என்று அக்கா இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. நிற்கவில்லை, அது வேறு. ஆனால் அந்தப் பயம் நிஜம்.

இப்போது மைக்கைப் பார்த்தால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, மீன் வேணுமா சொல்லு" என்கிறார். அவரைப் பார்த்து எதிரில் இருக்கும் இஸ்திரிக்காரரும், கீரை விற்கும் பாட்டியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதே மாதம் உங்கள் விவாதத்தில் ஒருவர், இந்தத் தேர்தலைத் தீர்மானிக்கப் போவது மௌன வாக்காளர்கள்தான், அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை என்று கவலையோடு சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மௌனம் எங்கே இருந்து வந்தது என்று நான் நேரில் பார்த்தவள். நாலு நிமிடம் பேசிய பெண்ணை 11 வினாடியாக்கி, ஒரு பட்டத்தையும் கட்டி அனுப்பினால், அடுத்த முறை அவர் மௌன வாக்காளராகத்தான் இருப்பார்.

வாக்குச்சாவடியில் நாங்கள் மௌனத்தை எவ்வளவு கவனமாகக் காப்பாற்றுவோம் என்று உங்களுக்குத் தெரியும். பெயரைச் சத்தமாகப் படிப்போம், கையெழுத்து வாங்குவோம், மை வைப்போம். அட்டை மறைப்புக்குள் போனதும் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் விவிபாட் சீட்டு கண்ணாடிக்குள் 7 வினாடி தெரியும், அதுவும் போட்டவருக்கு மட்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-வது பிரிவுப்படி, யாருக்குப் போட்டாய் என்று நீதிமன்றம்கூட ஒருவரைச் சொல்ல வைக்க முடியாது.

2011-ல் நடந்த ஒன்றை மறக்க முடியவில்லை. அப்போது நோட்டா கிடையாது. யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் 49-ஓ விதிப்படி எங்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நாங்கள் 17ஏ பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு இளைஞர் வந்து, "49-ஓ போடணும் மேடம்" என்றார். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்த கட்சி ஏஜென்டுகள் அத்தனை பேரும் தலையை நிமிர்த்தினார்கள். யாரும் மிரட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பையனின் காது சிவந்தது. "சரி, வேணாம் மேடம், போட்டுடறேன்" என்று மறைப்புக்குள் போய்விட்டார். 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நோட்டா கொண்டுவரச் சொல்லித் தீர்ப்பளித்தபோது, வேண்டாம் என்று சொல்கிறவருக்கும் ரகசியம் வேண்டும் என்பதைத்தான் காரணமாகச் சொன்னது. எனக்கு அந்தப் பையனின் காதுதான் நினைவுக்கு வந்தது. நாலு ஏஜென்டுகளின் பார்வைக்கே ஒருவர் மனம் மாறினால், பத்து லட்சம் பேர் பார்க்கும் திரையில் ஒரு பட்டத்தோடு நிற்பவருக்கு எப்படி இருக்கும்?

ஓட்டுச்சீட்டு இருந்த காலத்தில் நாங்கள் "முத்திரை குத்தியாச்சா?" என்று கேட்போம். குத்துகிறவர் வாக்காளராக இருந்தார். 2001-ல் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்த பிறகு அந்த முத்திரைக் கட்டை எங்கள் சாவடியில் இருந்து போய்விட்டது. அது இப்போது உங்கள் ஸ்டூடியோவில் இருக்கிறது, வாக்காளர்மேல் குத்தப்படுகிறது.

என் சொந்தத் தொகுதி ஆர்.கே. நகர். 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா புகாரால் இடைத்தேர்தல் ரத்தானது, டிசம்பர் 21-ல் நடந்தது. 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்து, ஓட்டுக்குப் பிறகு பணம் தருவதாகச் சொன்னார்கள் என்று புகார் எழுந்தது. அதற்கப்புறம் பல மாதம் எங்கள் தொகுதிக்கு 20 ரூபாய் டோக்கன் என்றே பெயர் வைத்தீர்கள். பணம் வாங்கியவர்கள் இருந்தார்கள். நான் மறைக்கவில்லை, அது வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் அதே தேர்தலில் 2,373 பேர் வரிசையில் நின்று நோட்டாவை அழுத்தினார்கள். மத்தியில் ஆளும் கட்சி வேட்பாளர் வாங்கியதைவிட அது அதிகம். அவர்களை யார் விலைக்கு வாங்கினார்கள்? அந்த 2,373 பேரில் ஒருவரைக்கூட நீங்கள் தேடி வந்து, ஏன் என்று கேட்டு நான் பார்க்கவில்லை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட, "நீங்க டோக்கன் தொகுதியா?" என்று கேட்டார்கள்.

கருத்துக்கணிப்பு விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. 2016 மே 16 அன்று மாலை வந்த வாக்குக்கணிப்புகளில் பல, தி.மு.க. ஆட்சி என்றன. மூன்று நாள் கழித்து அ.தி.மு.க. 134 இடங்களில் வென்றது. 2024 மக்களவைத் தேர்தலில் ஆளும் கூட்டணிக்கு 350-க்கும் மேல், 400 வரை என்றெல்லாம் சொன்னார்கள். எண்ணி முடித்தபோது தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 293. கணக்குத் தப்புவது பாவமில்லை. எத்தனை பேரிடம் கேட்டீர்கள், அதில் எத்தனை பேர் பதில் சொல்லாமல் நகர்ந்து போனார்கள் என்பதையும் சேர்த்துத் திரையில் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். நகர்ந்து போனவர்களின் எண்ணிக்கையும் ஒரு செய்தி.

வாக்குப்பதிவு எண்ணிக்கையிலும் இதே அவசரம். 2024 ஏப்ரல் 19 இரவு முதலில் 72 சதவீதம் என்று ஓடியது. நள்ளிரவில் 69 ஆனது. முடிவான எண்ணிக்கை 69.72. தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54 சதவீதம்தான். உடனே சென்னைக்காரன் சோம்பேறி, படித்தவனுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வாரம் பேசினீர்கள். எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் இறந்தவர், வீடு மாறியவர் என்று எவ்வளவு பெயர் இருந்தது என்று எந்தச் சாவடி அதிகாரியிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். கூவம் கரையில் இருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டவர்களில் சிலர், பழைய முகவரியில் பெயர் இருப்பதால் இரண்டு பஸ் மாறி வந்து ஓட்டுப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். வர முடியாதவர்களை எப்படிச் சோம்பேறி என்பது? 2025 டிசம்பர் 19-ல் வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் நீக்கப்பட்டன. அதில் நியாயமாகப் போனவை எத்தனை, தவறாகப் போனவை எத்தனை என்பது தெருத்தெருவாகப் போய்ப் பார்க்க வேண்டிய வேலை. உங்கள் செய்தியாளர்களுக்கு அதற்கு நேரம் கொடுங்கள்.

சரி, எதிர்த்தரப்பை ஒரே வார்த்தையில் மட்டம் தட்ட உங்கள் விவாதங்களில் வீசும் பட்டங்களுக்கு வருகிறேன். சங்கி, உ.பி. (உடன்பிறப்பு), அடிமை, தும்பி, தற்குறி, ஆன்டி இந்தியன், அர்பன் நக்சல். ஒன்றும் விட்டுப் போகவில்லை என்று நினைக்கிறேன். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஏழாம் வகுப்பில் ஜாமெட்ரி பாக்ஸுக்கு நடந்த சண்டையில் ஒரு பையன் இன்னொருவனைப் பார்த்து "போடா சங்கி" என்றான். என்ன அர்த்தம் என்று கேட்டேன். "தெரியாது டீச்சர், டிவில ஒருத்தரு சொன்னதும் எதிர்ல இருந்தவரு பேச்சை நிறுத்திட்டாரு" என்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தையின் வேலை மிகச் சரியாகப் புரிந்திருக்கிறது. எதிராளி சொன்னதற்குப் பதில் சொல்லாமலே அவன் வாயை அடைக்கலாம்.

பட்டம் கட்டுவது நம் ஊருக்குப் புதிதில்லை என்பீர்கள். உண்மைதான். 1949-ல் திராவிடர் கழகத்தில் இருந்து பிரிந்து போய் தி.மு.க. தொடங்கிய அண்ணாவையும் அவருடன் போனவர்களையும் பெரியார் கண்ணீர்த்துளிகள் என்றே வருடக்கணக்கில் அழைத்தார். ஆனால் எதற்காகப் பிரிந்தோம் என்பதை இரண்டு பக்கமும் பக்கம் பக்கமாக எழுதின, மணிக்கணக்கில் பேசின. 1967-ல் ஜெயித்ததும் அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். பட்டத்துக்குப் பின்னால் ஒரு வாதம் இருந்தது, வாதத்துக்குப் பின்னால் ஒரு உறவும் மிச்சம் இருந்தது. உங்கள் விவாதத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரத்தில் பட்டத்தை மட்டும்தான் சொல்ல முடிகிறது.

ஒருவர் எந்தக் கட்சி என்று சொல்வதை நான் குறை சொல்லவில்லை. அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சலூனில் விடுதலையும் முரசொலியும் தீக்கதிரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த காலத்தில், எது யாருடைய பேப்பர் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே படித்தார்கள். இன்றைக்கு ஒரு கட்சிக்காக மூச்சுவிடாமல் பேசுகிறவருக்குக் கீழே அரசியல் விமர்சகர் என்றும், மூத்த பத்திரிகையாளர் என்றும் போடுகிறீர்கள். தெருவில் மீன் விற்கிற பெண்ணுக்கோ கேட்காமலே ஒரு பக்கத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். இதைச் செய்யாமல், மக்கள் ஊடகத்தை நம்புவதில்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

நெறியாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். விருந்தினர் ஒருவர் பட்டத்தை வீசினால், "அது இருக்கட்டும் சார், அவர் சொன்ன புள்ளிவிவரம் சரியா தப்பா?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை வேறு யாருக்கும் மைக் கொடுக்காதீர்கள். 36 வருடம் வகுப்பறையில் இதைத்தான் செய்தேன். முதல் வாரம் சத்தமாக இருக்கும், அப்புறம் பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.

ஆசிரியர்களிடம் இன்னொன்று. 2021-ல் திருத்திய கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, பார்வையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் 15 நாளுக்குள் சேனல் முடிவு சொல்ல வேண்டும். மீன்கார அக்காவுக்கு இது தெரியாது, எனக்கே தெரிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. புகாரை எங்கே அனுப்ப வேண்டும் என்று தினமும் இரவு விவாதம் முடிந்ததும் திரையில் போடுங்கள். தவறு நடந்தால், அதை ஒளிபரப்பிய அதே நேரத்தில் திருத்தம் சொல்லுங்கள். அக்காவின் 11 வினாடி இரவு 8 மணிக்கு வந்தது.

வாக்குச்சாவடியில் நான் பார்த்த ஒன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் மாதிரி வாக்குப்பதிவு முடிந்து சீல் வைக்கும்போது எல்லாக் கட்சி ஏஜென்டுகளும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடுவார்கள். மதியம் ஒரு கட்சிக்காரருக்குப் பொட்டலம் வரத் தாமதமானால், எதிர்க்கட்சி ஏஜென்ட் தன் இலையை அவர் பக்கம் நகர்த்துவார். மாலையில் எண்ணிக்கை சரியா என்று, பதிவான வாக்குகளின் கணக்கு எழுதும் 17சி படிவத்தை ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து பார்ப்பார்கள். இந்தக் காட்சி உங்கள் கேமராவில் வந்ததே இல்லை.

எங்கள் தெருவுக்குத் திரும்ப வாருங்கள். காலை 11 மணிக்கு மேல் வந்தால் வியாபாரம் தணிந்து அக்கா ஓய்வாக இருப்பார். முதல் அரை மணி நேரம் கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டு, முன்பு எடுத்த அந்த நாலு நிமிடத்தை முழுசாக அவரிடம் போட்டுக் காட்டுங்கள், இன்னும் வைத்திருந்தால்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில் இருந்து ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை