உள்ளே அடைபட்டிருக்கும் காசநோய்க் கிருமி

ஆசிரியருக்கு வணக்கம்.

எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களைக் காசநோய்க் கிருமி அண்டாது என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் போன வாரம் வந்திருந்தது. அண்டத்தான் செய்கிறது. உலகில் சுமார் 4 பேரில் ஒருவர் உடம்பில் அது புகுந்திருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. மற்றவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

ஒருவர் இருமும்போது காற்றில் வரும் கிருமி நுரையீரலின் காற்றுப்பைக்குள் போனதும், அங்கே காவலிருக்கும் விழுங்கணு என்ற வெள்ளையணு அதை விழுங்குகிறது. சாதாரண பாக்டீரியா என்றால் பெரும்பாலும் அத்தோடு சரி, அணுவுக்குள் ஒரு பையில் இருக்கும் அமிலமும் நொதிகளும் கரைத்துவிடும். ஆனால் இதற்கு மெழுகு போன்ற தடித்த உறை. அந்த நொதிப்பை தன்னிடம் வந்து சேராமல் தடுக்கவும் தெரியும், விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகும். சில வாரம் கழித்து டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் வந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற தூண்டும் புரதத்தைச் சுரந்த பிறகுதான் விழுங்கணுவுக்கு முழு பலம் வருகிறது. அப்படியும் சாகாத கிருமிகளை அணுக்கள் கூட்டமாகச் சூழ்ந்து அடைத்துவைக்கின்றன, இதற்குக் கிரானுலோமா என்று பெயர். பல வருடம், பலருக்கு ஆயுள் முழுக்க, இந்தக் காவல் நிற்கும்.

பட்டினி, கட்டுப்படாத சர்க்கரை, எச்ஐவி, முடக்குவாதத்துக்குப் போடும் சில ஊசிகள், இவையெல்லாம் அந்தக் காவலைத் தளர்த்துகின்றன. என் மாமனாருக்குச் சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்தபோது வீட்டில் எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை சொன்னார்கள். எங்களுக்கு இருமல்கூட இல்லையே என்று நாங்கள் விட்டுவிட்டோம், 8 மாதம் கழித்து சர்க்கரை உள்ள என் கணவருக்கு வந்தது. அடைபட்டிருக்கும் கிருமி இருமலாகத் தெரியாது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் மறுக்காமல் சாப்பிட்டிருப்போம்.

அப்புறம், அதே பக்கத்தில் நீங்கள் பரிந்துரைத்த சத்துப் பொடிகள். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அந்த வீடுகளில் புதிதாக நுரையீரல் காசநோய் வருவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. விலை உயர்ந்த பொடி எதுவும் அதில் இல்லை.

தயவுசெய்து அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் நன்றாக இருப்பவர்களும் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டு, தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்