யன்னலோரத்துக் கத்தரி நாற்று

திருகோணமலை,
பங்குனி மாதம்.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின நாற்றுப் படத்தை அம்மாவும் நானும் பெரிசாக்கிப் பார்த்தோம். "வடிவாய் உயர்ந்திருக்கு" என்றாள் அம்மா. எனக்கு அது வளர்த்தியாகத் தெரியவில்லை. நூல் மாதிரித் தண்டு, வெளிறின இலை, பன்னிரண்டும் யன்னல் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மண்ணின் மேலே பச்சையாய் ஒரு படலமும் தெரிந்தது. அது பாசி. ஒரு நாளைக்கு எத்தனை தரம் தண்ணீர் விடுகிறாய்? உண்மையைச் சொல்லு.

தம்பலகாமத்தில் உன் அப்பப்பா மிளகாய் நாற்றுப் போட்டால், வெயில் ஏற முதல் மேடைக்கு மேல் கிடுகு போட்டு மூடுவார், பின்னேரம் எடுப்பார். எங்களுக்கு எப்போதும் வெயிலை மறைக்கிற வேலைதான். உனக்கு அதை வீட்டுக்குள் கொண்டுவருகிற வேலை. பங்குனி மாதத்தில் கனடாவிலே உன் ஸ்காபரோ யன்னலால் வருகிற வெளிச்சம் உன் கண்ணுக்குப் போதும், கத்தரிக்குப் போதாது. சாதாரண வெள்ளை எல்.ஈ.டி குழாய் விளக்கு ஒன்று வாங்கி, நாற்றின் தலைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் தொங்கவிடு. நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்து. ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியட்டும், இரவில் அணைத்துவிடு. முகட்டில் எரிகிற விளக்கை நம்பாதே, அந்தத் தூரத்தில் இருந்து ஒன்றும் கிடைக்காது.

போன மாதம் மிளகாய் முளைக்கவில்லை என்று ஒரு கிழமையில் மண்ணைக் கொட்டிவிட்டாயாம், மருமகன் சொன்னார். ஐயோ பிள்ளை! தக்காளி ஒரு கிழமைக்குள் எட்டிப் பார்க்கும். மிளகாயும் கத்தரியும் சூடான மண்ணிலேயே பத்து, பதினாலு நாள் எடுக்கும், குளிர் மண் என்றால் மூன்று கிழமையும் போகும். விதை முளைக்க மண்ணுக்கு 25 முதல் 30 பாகை சூடு வேண்டும். இங்கே அது கேட்காமலே கிடைக்கிறது. அங்கே தட்டின் அடியில் வைக்கிற மின்சூட்டு விரிப்பு விற்கிறார்களாம், அதில் ஒன்று எடு. முளை தெரிந்த அன்றைக்கே மேல்மூடியைக் கழற்று, விரிப்பையும் எடுத்துவிடு. அதற்குப் பிறகும் சூடு கொடுத்தால் இன்னும் நெடுத்துப் போகும். பாகல் விதைக்கு மட்டும் ஓடு தடிப்பு. நகம் வெட்டியால் கூர்ப்பக்கத்தை மெல்லக் கிள்ளி, ஓர் இரவு தண்ணீரில் போட்டுவிட்டு ஊன்று.

இனித் தண்ணீர். நாற்று வளர்க்கத் தொடங்கினவர்கள் தாகத்தில் சாகவிட்டதை நான் அதிகம் கண்டதில்லை, தாங்க ஏலாமல் ஊற்றிச் சாகடித்ததைத்தான் கண்டிருக்கிறேன். தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தை உற்றுப் பார். அந்த இடம் நூலால் இறுக்கிக் கட்டினது போல ஒடுங்கி, அவிந்த நிறமாகி, காலமை நின்ற நாற்று மத்தியானம் இலை வாடாமலே சாய்ந்து கிடந்தால், அது அழுகல். மண்ணில் இருக்கிற பூஞ்சணத்தின் வேலை. விழுந்ததைக் காப்பாற்ற ஏலாது. அந்தக் கோப்பையை மண்ணோடு எறிந்துவிட்டு மற்றவற்றைப் பார். ஈரமும் குளிரும் அசையாத காற்றும் சேர்ந்தால் அது வரும். இங்கே நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது இதற்காகத்தான். உனக்கு எரிக்கிற வேலை வேண்டாம், தோட்டத்து மண்ணை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருந்தாலே போதும். மண்ணுக்குப் பதிலாக அமுக்கின தேங்காய்த் தும்புத்தூள் கட்டி வாங்கி ஊறவை. கட்டியைத் திருப்பிப் பார், இலங்கையில் செய்தது என்று போட்டிருந்தாலும் போட்டிருக்கும்!

மேலால் ஊற்றாதே. அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பைகளை ஒரு தட்டில் வைத்து, தட்டில் தண்ணீர் விடு. அரை மணித்தியாலம் குடிக்கட்டும், மிச்சத்தைக் கொட்டிவிடு. அடுத்த தண்ணீர் எப்போது என்று நாட்காட்டியைப் பார்க்காதே, கோப்பையைத் தூக்கிப் பார். பாரமாய் இருந்தால் தண்ணீர் விடாதே. பின்னேரங்களில் அப்பப்பா நாற்றின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டு போவார். செல்லம் கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். அசைவு பட்டால் தண்டு தடிக்கும் என்று பிறகுதான் விளங்கியது. நீ ஒரு சின்ன மின்விசிறியைத் தூரத்தில் வை.

இப்போது நெடுத்து நிற்பதில் தக்காளியைக் காப்பாற்றலாம். முளைக்கும்போது முதலில் வருகிற சோடி இலையான வித்திலைக்குப் பிறகு இரண்டு நிச இலை வந்ததும், தண்டை வித்திலை வரைக்கும் புதைத்து வேறு கோப்பைக்கு மாற்று, புதைந்த தண்டில் வேர் விடும். பிடிக்கும்போது இலையில் பிடி. இலை போனால் வேறு வரும், தண்டு நசிந்தால் கதை முடிந்தது. பசளையும் அதற்குப் பிறகுதான், அதுவும் பாதி அளவு கரைத்து.

மருமகன் முற்றத்தில் அடித்த பொலித்தீன் கூடாரத்தைப் பற்றிக் கேட்டாய். எனக்கு அதில் பட்ட அறிவு உண்டு. முந்தி ஒரு வீட்டுத்தோட்டத் திட்டத்தில் எங்களுக்கும் ஒன்று தந்தார்கள். வைகாசி, கச்சான் காற்றுக் காலம். புழுதி போகாமல் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு நிலாவெளியில் ஒரு செத்த வீட்டுக்குப் போய்விட்டேன். பின்னேரம் வந்து பிரித்தால், கீரை அவித்த சட்டியைத் திறந்த மணம். இருநூறு தக்காளி நாற்றும் போய்விட்டது. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். அங்கே வெளியில் 8 பாகைதானே என்று நினைக்காதே. வெயில் பளிச்சென்று அடித்தால் மூடின கூடாரத்துக்குள் 35ஐத் தாண்டும். உள்ளே ஒரு வெப்பமானி தொங்கவிடு, பகலில் கதவைத் திற. இரவில் நிலைமை நேர்மாறு. ஒற்றைப் பொலித்தீன் ஒன்றிரண்டு பாகைதான் காக்கும். ஆகவே இரவு 10 பாகைக்குக் கீழே இறங்குவது நிற்கும் வரைக்கும் மிளகாயும் கத்தரியும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

தரையில் நட, விக்டோரியா தினம் வரும் மட்டும் பொறு. மே 25க்கு முந்தின திங்கட்கிழமை. அங்கத்தை ஆட்களும் அந்த விடுமுறையைத்தான் கணக்கு வைக்கிறார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அதற்கு முன் பத்து நாள், முதல் நாள் ஒரு மணித்தியாலம் நிழலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கு. நேரே கொண்டுபோய் வெயிலில் வைத்தால் இலை வெள்ளையாய்க் கருகும்.

தின்னவேலி ஊதாக் கத்தரி விதை அனுப்பச் சொன்னாய். பயிர்நோய்ச் சான்றிதழ் இல்லாமல் தபாலில் விதை அனுப்புவது சரிவராது பிள்ளை. அங்கே நம் ஆட்களின் கடையில் கேட்டுப் பார்.

முயல் வந்து தின்னுமோ என்று பயப்படுகிறாயாம். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களை மறந்துவிட்டாயா? போன கிழமை மதிலோரம் நட்ட பயற்றை பதினெட்டையும் ஒரே இரவில் குருத்தோடு கடித்துவிட்டுப் போயின. அடித்து விரட்டவும் மனம் வராது, அப்படி ஒரு பார்வை பார்க்கும். இப்போது மீன்வலை கட்டியிருக்கிறேன்.

படலை சத்தம் கேட்கிறது. அம்மா சாத்தாமல் விட்டிருக்கிறாள் போல. மிச்சத்தைத் தொலைபேசியில் கதைப்போம்.

அப்பா