குரல்வழித் தட்டச்சு: முதலில் மைக்கைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கும்பகோணத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்தி வருகிறேன். ‘பேசினால் டைப் ஆகும் என்கிறார்கள், தமிழில் பேசினால் கண்டபடி வருகிறதே’ என்று பெரியவர்கள் பலர் வந்து குறைப்படுகிறார்கள். கூகுள் 2017-லேயே தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொடுத்துவிட்டது. நான் பார்த்தவரை, கோளாறு பெரும்பாலும் மைக்கில்தான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்களிடம் வருகிறார். நடுக்கத்தால் விரல் விசையில் நிற்காது. தம் ஊர் வாய்க்கால்களின் வரலாற்றை எழுதி முடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மகன் வாங்கிக் கொடுத்த புளூடூத் இயர்போனில் பேசிப் பார்த்துச் சலித்திருந்தார். அதில் மைக் இயங்கும்போது ஒலித்தரம் போன் பேசும் அளவுக்கு இறங்கிவிடும். சாதாரண யு.எஸ்.பி. ஹெட்செட் ஒன்றை மாட்டிவிட்டேன். மாட்டினால் மட்டும் போதாது. விண்டோஸ் பல நேரம் லேப்டாப்பின் உள் மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட், இன்புட் என்று போய் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுத்து, மைக்கை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். அங்கே ஒலியளவு காட்டும் பட்டை துள்ளினால் சரி. மைக் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது. உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் மூச்சுக்காற்று மோதி, சொல் கெடும். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அதற்கு முதுகு காட்டியாவது உட்காருங்கள்.

பிறகு குரோம் உலாவியில், இணையத்திலேயே எழுத உதவும் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் வாய்ஸ் டைப்பிங். மொழியில் தமிழ் (இந்தியா) என்று வையுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழும் தனித்தனியே உண்டு. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுவது கெடுதல். மென்பொருள் முன்பின் சொற்களை வைத்துத்தான் ‘மலை’யா ‘மழை’யா என்று முடிவு செய்கிறது. வாக்கியத்தை மனதில் முடித்துக்கொண்டு, வகுப்பில் பாடம் சொல்லும் நிதானத்தில் ஒரே மூச்சாகச் சொன்னால் பிழை வெகுவாகக் குறைகிறது. தலைமையாசிரியருக்கு இது கைவந்த கலையாயிற்றே! முதல் பக்கம் திரையில் நிரம்பியதும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

ஒற்று மிகும் இடங்களைப் பிறகு நாம்தான் பார்த்துத் திருத்த வேண்டும். இன்னொன்று: டாக்ஸில் ஆங்கிலத்தில் ‘கமா’, ‘பீரியட்’ என்று வாயால் சொல்லியே நிறுத்தக்குறி இடலாம்; தமிழுக்கு அந்த வசதி இல்லை. கையால் தட்ட முடியாதவருக்கு இது சிறு குறையல்ல. பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள் ஒரு முற்றுப்புள்ளிக்காக அடுத்தவரை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. கூகுள் இதைத் தமிழுக்கும் செய்து தர வேண்டும். தமிழ்க் கணினித் துறையில் இருப்பவர்கள் இதை வலியுறுத்திக் கேட்க வேண்டும்.

சக பயிலக உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, தட்டச்சு வகுப்பு இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு கணினியையும் ஒரு ஹெட்செட்டையும் கையால் தட்ட முடியாத இவர்களுக்கென்று ஒதுக்குங்கள். கட்டணம் வாங்காதீர்கள்.

தட்டச்சுப் பயிலக ஆசிரியை,
கும்பகோணம்.