பழங்குடிக் கலைஞரை அழைக்கும் முன் ஒப்பந்தம் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்குடிக் கலைகளுக்குச் சென்னையில் மேடையும் சுவரும் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நீலகிரியிலிருந்து ஒரு குறும்பர் ஓவியரை வரவழைத்து, பயணப்படி கொடுத்து, பொன்னாடை போர்த்தி ரயிலேற்றி விட்டால் தங்கள் பொறுப்பு முடிந்தது என்று ஏற்பாட்டாளர்கள் பலர் நினைக்கிறார்கள். அவர் வரைந்துவிட்டுப் போன ஓவியம் இனி யாருக்குச் சொந்தம் என்று எவரும் கேட்பதில்லை. சட்டம் அதற்கு ஏற்கெனவே பதில் சொல்லி வைத்திருக்கிறது, அதுவும் கலைஞருக்குப் பாதகமாக.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் பணம் கொடுத்து, தன் வேண்டுகோளின் பேரில் ஓர் ஓவியத்தை வரையச் சொன்னால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அந்த ஓவியத்தின் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. கையெழுத்தில்லாமல், வாய்ப்பேச்சில் முடிந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் கதி. அந்த ஓவியத்தை நாட்காட்டியிலும் காபிக் கோப்பையிலும் துணிப்பையிலும் அச்சடித்து விற்க, வரைந்தவரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று நிறுவனம் வாதிடலாம். இழப்பு அதோடு நிற்பதில்லை. ஓர் அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், விலையில் ஒரு பங்கு கேட்கும் உரிமையை 53அ பிரிவு ஓவியருக்குத் தருகிறது; அதிகபட்சம் 10 சதவீதம். ஆனால் அவர் 17-ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளராக இருந்தால் மட்டுமே அந்தப் பங்கு கிடைக்கும். ஆக, 'இந்த ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியருக்கே உரியது' என்ற ஒற்றை வரியை எழுதாமல் விட்டால் இரண்டு உரிமைகளும் சேர்ந்து போகின்றன. ஒப்பந்தத்தின் முதல் வரியாக அதை எழுத வேண்டும், வேலை தொடங்கும் முன்பே எழுத வேண்டும்.

அடுத்து, நிறுவனத்துக்கு என்னென்ன பயன்பாட்டுக்கு அனுமதி என்று எழுத வேண்டும். 'எக்காலத்துக்கும், உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும்' என்ற வாசகம் பல நிறுவனங்களின் படிவங்களில் அச்சாகவே இருக்கும், அதை அடித்துவிடுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது கால அளவைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்கிறது. சட்டமே இந்த அளவோடு நிறுத்தும்போது நிறுவனம் அதற்கு மேல் கேட்பதில் நியாயமில்லை. இந்தச் சுவர், இந்த விழாவின் சுவரொட்டி, விழாவின் இணையதளம், மூன்று ஆண்டு என்று வரையறுத்தால் போதும். விற்பனைப் பொருள் ஏதாவது தயாரிப்பதானால் தனி ஒப்பந்தம், தனி உரிமைத்தொகை. படிவத்தை ஆங்கிலத்தில் நீட்டிக் கையெழுத்து வாங்காமல், தமிழில் எழுதி, அவர் மொழி அறிந்த ஒருவரை வைத்து உரக்கப் படித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

உரிமை தனி ஒருவருடையதாகவே எப்போதும் இருப்பதில்லை என்பது இதைவிட முக்கியம். ஆலு குறும்பர் ஓவியம் பரம்பரையாகப் பூசாரிக் குடும்பத்தாரின் கையில் இருந்த கலை. நீலகிரியின் இன்னொரு பழங்குடியான கோத்தர்களிடம் தெய்வத்துக்கான மெட்டு வேறு, ஆட்டத்துக்கான மெட்டு வேறு, சாவுக்கான மெட்டு வேறு. சாவு மெட்டை மேடை நிகழ்ச்சிக்கு வாசிக்கச் சொல்வது அவர்களை எவ்வளவு சங்கடப்படுத்தும் என்று விளக்க வேண்டியதில்லை. தோடர் பழங்குடியினர் போர்த்தும், பூவேலை செய்த புத்துக்குளியும் அப்படித்தான், இறந்தவரைப் போர்த்துவதும் அதே துணிதான். அந்தப் பூவேலையைக் கால்மிதியிலும் செருப்பிலும் போட்டுத் தரச் சொல்லும் வடிவமைப்பாளர் இதை அறிந்திருக்க வேண்டும். எந்த உருவம் வெளியே வரலாம், எது திருவிழாவுக்கு மட்டும், எது தரையிலோ இடுப்புக்குக் கீழோ வரக்கூடாது என்ற மூன்றையும் ஓவியரிடம் மட்டும் கேட்டால் போதாது. ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும். ஊர் கூடிப் பேசக் குறைந்தது ஒரு மாதமாவது கொடுங்கள். 'கூடாது' என்று பதில் வந்தால், பேசிய தொகையில் கைவைக்காமல் வேறு உருவத்துக்கு மாற வேண்டும்.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் இதே பாதையில் நிறைய இழந்த பிறகுதான் சில விதிகளைப் பெற்றார்கள். 1966-இல் வெளியான ஒரு டாலர் நோட்டின் பின்புறத்தில் பூர்வகுடி ஓவியர் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியம் இடம்பெற்றது. அது ஒரு மூதாதையின் ஈமச்சடங்கைச் சொல்லும் ஓவியம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகு 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தார்கள். பின்னர், பூர்வகுடி ஓவியங்களை அனுமதியின்றிக் கம்பளங்களாக வியட்நாமில் நெய்து இறக்குமதி செய்த நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 1994-இல் கூட்டாட்சி நீதிமன்றம் பண இழப்போடு பண்பாட்டுரீதியான பாதிப்பையும் கணக்கில் எடுத்து இழப்பீடு விதித்தது. காலில் மிதிபடும் பொருளில் புனித உருவத்தைப் போட்டதால், அதைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் தம் சமூகத்தின் முன் தலைகுனிய நேர்ந்தது என்பதை நீதிபதி ஏற்றார். 2010 முதல் அங்கே 1,000 டாலரோ அதற்கு மேலோ விலைபோகும் மறுவிற்பனைகளில் 5 சதவீதம் கலைஞருக்கோ வாரிசுக்கோ போகிறது. இறந்த கலைஞரின் பெயரையும் படத்தையும் வெளியிடும் முன் குடும்பத்தாரைக் கேட்பது அங்குள்ள அருங்காட்சியகங்களில் வழக்கம். நம் ஊர்க் காட்சிக்கூடங்களும் இதை நாளையே தொடங்கலாம், காசு செலவில்லை.

பணத்துக்கு வருகிறேன். வரையும் நாட்களுக்கு மட்டும் கூலி போடுவது தவறான கணக்கு. நிறத்துக்காக மண் எடுத்துச் சலிப்பதும், வேங்கை மரத்துப் பாலைச் சேகரிப்பதும் வேலைதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு முழுக்கப் பயணம் செய்து வருகிறவருக்குப் போக வர இரண்டு நாள் தோட்டக் கூலி போகிறது. அதையும், துணைக்கு வருகிறவரின் கூலியையும் சேர்க்க வேண்டும். பாதித் தொகையை முன்பணமாக, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வங்கிக் கணக்கில் போடுங்கள். வரி பிடிக்க வேண்டிய தொகையானால், பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். அட்டை இல்லையென்றால் எடுத்துத் தருவது ஏற்பாட்டாளரின் வேலை.

செய்முறையிலும் நிறையக் கெடுகிறது. மண் நிறங்கள் வெளிச்சுவரில், அதுவும் சென்னையின் வடகிழக்குப் பருவமழையில், நிற்காது. அதனால் ஏற்பாட்டாளரே அக்ரிலிக் வாளிகளை வாங்கி வைத்துவிடுகிறார், அந்தச் சிவப்பு செம்மண்ணின் சிவப்பாக இருப்பதில்லை. அக்ரிலிக்கா, உள்கூடத்தில் பலகை மேல் மண் நிறமா என்பதை ஓவியர் முடிவு செய்யட்டும். புதிதாகப் பூசிய சிமென்ட் சுவரை 28 நாளாவது ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் காரம் வெளியே பூத்து நிறத்தைத் தின்றுவிடும். பழியோ ஓவியர் மேல் விழும். தோடர் பூவேலைக்கு மெல்லிய விசைத்தறித் துணியை அனுப்புவதும் இதே வகைப் பிழை. அச்சு எதுவும் போடாமல், பாவும் ஊடையுமாக நூலை எண்ணி எண்ணித் தைக்கும் வேலை அது. எண்ண முடியாத துணியில் கோலம் கோணும், கண் கெடும். தடித்த, ஒரே சீராக நெய்த பருத்தித் துணி வேண்டும்.

நகரத்து ஓவியரும் பழங்குடி ஓவியரும் சேர்ந்து வரைந்தால் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். 'பழங்குடிப் பாணி' என்று எழுதிப் பெயரை விழுங்கும் பலகைகள் ஒழிய வேண்டும். தன் பெயரைக் கோரும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் 57-ஆம் பிரிவின்படி கலைஞரிடமே இருக்கிறது.

கலை பண்பாட்டுத் துறையும் மாநகராட்சியும் தமிழில் இரண்டு பக்க மாதிரி ஒப்பந்தம் ஒன்றை, வரும் பொங்கல் விழா அழைப்புகள் போகும் முன் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தோடர் பூவேலைக்கு 2013-இலேயே புவிசார் குறியீடு, அதாவது இடத்தோடு இணைந்த பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. பெயரைத் தவிர்த்துவிட்டு வடிவத்தை மட்டும் அச்சடிப்பவரை அதை வைத்துத் தடுப்பது கடினம் என்றாலும், போலிக்குத் தோடர் பெயரை ஒட்டி விற்பவரைத் தடுக்கலாம். அதற்குத் தைக்கும் பெண்கள் அந்தக் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களாகப் பதிந்திருப்பது பெரும் பலம். பதிவு அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, தைப்பவர்கள் மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், இருக்கிறார்கள். விண்ணப்பக் கட்டணம் 2020 முதல் 10 ரூபாய்தான். அதிகாரிகள் ஊட்டியில் ஒரு நாள் முகாம் போட்டு, படிவங்களை அங்கேயே பூர்த்தி செய்து வாங்கிவர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அடையாறு, சென்னை